மஞ்சள் வயர்: டிவி கேம் கம்ப்யூட்டருக்குள்ள போன கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசினதைப் படிக்கத் தோதா கொஞ்சம் திருத்தியிருக்கேன். ஒலித்துண்டு வர்ற இடங்களைப் பகர அடைப்புக்குள்ள குறிச்சிருக்கேன்.)

போன மாசம் தூத்துக்குடிக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். பரண் சுத்தம் பண்ணும்போது அக்காவோட பழைய காலேஜ் நோட்டுகளுக்கு நடுவுல நாலு டிவிடி கிடைச்சது. மேல மார்க்கர்ல அக்கா கையெழுத்து: "கேம். அழிக்கக் கூடாதாம்." அந்த "ஆம்"-லயே எவ்வளவு கடுப்பு இருக்கு பாருங்க. 2012-ல அவ லேப்டாப்ல இடத்தை அடைச்சுக்கிட்டு நானும் எங்க பெரியம்மா மகன் அண்ணனும் பதிவு பண்ணி வச்ச பிளேஸ்டேஷன் 2 ஆட்டங்கள் அது. நாலு டிஸ்க்ல மூணு ஓடுச்சு. அதுல ஒண்ணைப் பத்திப் பேசத்தான் இந்த எபிசோடு. ஆனா அதுக்கு முன்னாடி, டிவியில ஓடுற கேமை கம்ப்யூட்டருக்குள்ள கொண்டு போறது ஏன் அவ்வளவு பெரிய வேலையா இருந்துச்சுன்னு சொல்லணும். இன்னைக்கு பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர்ல அதுக்குன்னே ஒரு பட்டன் இருக்கு. அதை அமுக்கிப் பழகினவங்களுக்கு இது கற்கால வரலாறு மாதிரி இருக்கும்.

முதல்ல ஒரு கேள்வி. கேமை எதுக்குப் பதிவு பண்ணணும்? ஆதாரத்துக்கு. அடாரி 2600-ல டிராக்ஸ்டர்னு ஒரு கார் ரேஸ் கேம், 1980-ல ஆக்டிவிஷன் வெளியிட்டது, எழுதினவர் டேவிட் கிரேன். ஒரு ரேஸ் முழுசும் ஆறு நொடி சமாச்சாரம். நல்ல நேரத்துல முடிச்சா டிவித் திரையை போட்டோ எடுத்து கம்பெனிக்குத் தபால்ல அனுப்பணும். அவங்க துணியில தச்ச ஒரு பேட்ச் திருப்பி அனுப்புவாங்க. அப்போ வீட்டுல இருந்த ஒரே பதிவுக் கருவி கேமரா. 1982-ல டாட் ரோஜர்ஸ்ங்கிறவர் 5.51 நொடின்னு சொன்னார், சாதனையா ஏறிடுச்சு. 35 வருஷம் நின்னுச்சு. 2017-ல எரிக் கோசீல்னு ஒருத்தர் அந்த கேமோட கோடைப் பிரிச்சு மேஞ்சு, எல்லா வழியையும் கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்த்து, 5.57-க்குக் கீழே போகவே முடியாதுன்னு காட்டினார். 2018 ஜனவரியில ட்வின் கேலக்ஸீஸ் அந்தச் சாதனையைப் பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்க. அந்த ஆறு நொடி ஒரு டேப்ல இருந்திருந்தா இத்தனை வருஷம் சண்டை இல்ல.

அதே மாதிரி ஒரு சண்டை எங்க வீட்டுலயும் 12 வருஷமா ஓடிக்கிட்டு இருந்துச்சு. வர்றேன்.

நம்ம பக்கத்துக்கு வருவோம். ஜப்பான்ல நின்டென்டோவோட ஃபேமிகாம் 1983 ஜூலையில வந்துச்சு. நம்ம தெருக்களுக்கு வந்தது அதோட நகல்கள்: சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர். மஞ்சள் கலர் கேசட், மேல "9999 இன் 1", உள்ள எண்ணினா இருபது தேறாது. இதெல்லாம் டிவியோட ஆன்டெனா ஓட்டையில போய்த்தான் சேரும். அதாவது அந்தப் பெட்டி ஒரு குட்டி டிவி ஸ்டேஷன். படத்தையும் சத்தத்தையும் ஒரு அலைவரிசையில ஏத்தி அனுப்பும், டிவி அதை ஒரு சேனல் மாதிரி பிடிக்கும். எங்க கடற்கரையில இதுக்கு யாரும் ஆச்சரியப்பட மாட்டாங்க. 80-கள்ல மொட்டை மாடியில உசரமா கம்பம் நட்டு, இலங்கைப் பக்கம் திருப்பி, கடல் தாண்டி வர்ற ரூபவாஹினியைப் பிடிச்ச ஊர் இது. அப்பா இன்னும் அந்தப் புள்ளி புள்ளியான படத்தைப் பத்திப் பெருமையா பேசுவார்.

இங்க ஒரு நுணுக்கம் இருக்கு, எனக்குப் பிடிச்ச இடம் இது. ஜப்பான்லயும் அமெரிக்காவுலயும் டிவி நொடிக்கு 60 தடவை படம் வரையும். நம்ம ஊர்ல பால் முறை, 50 தடவை. (பால்னா குடிக்கிற பால் இல்ல, டிவி ஒளிபரப்பு முறையோட பேரு.) பழைய கேம்களுக்குத் தனியா கடிகாரம் கிடையாது. ஒரு படம் வரைஞ்சா ஒரு அடி எடுத்து வைக்கும். அப்போ பால் டிவிக்குன்னு செஞ்ச நகல் பெட்டியில 60-க்கு எழுதின காண்ட்ரா 50-ல ஓடும். ஆறுல ஒரு பங்கு மெதுவா. பாட்டும் அப்படித்தான், சுருதி ஏறக்குறைய அதே, தாளம் மட்டும் இழுக்கும். இன்னைக்கு யூடியூப்ல காண்ட்ரா போட்டா, முழுசா ஆடி முடிச்ச வீடியோ எக்கச்சக்கமா வரும், அநேகமா எல்லாம் 60. கேட்டதும் எனக்கு ஏதோ அவசரத்துல ஓடுற மாதிரி இருக்கும். அவங்க பதிவு சரிதான். ஆனா என் காதுல இருக்குற காண்ட்ரா அதுல இல்ல. நம்ம தெருவுல ஓடினதை யாரும் பதிவு பண்ணல. எதுல பண்றது?

கம்ப்யூட்டருக்குள்ள வீடியோவைக் கொண்டு போற வித்தை நம்ம சின்ன ஊர்கள்ல முதல்ல யார் கையில இருந்துச்சு தெரியுமா? கல்யாண வீடியோ ஸ்டுடியோக்காரங்க கையில. 2000-க்குப் பிறகு மினி டிவி கேமரா வந்துச்சு. ஃபயர்வயர்னு ஒரு கேபிள் வழியா டேப்பை அப்படியே கம்ப்யூட்டர்ல இறக்கி, மணமகள் முகம் ரோஜாப் பூவுக்குள்ள இருந்து வர்ற எஃபெக்ட் எல்லாம் போட்டாங்க. அந்தக் கேமராக்கள்ல சிலதுல வெளியில இருந்து வர்ற படத்தையும் உள்ள வாங்குற வசதி இருந்துச்சு. கேமராவுக்குப் பின்னாடி பிளேஸ்டேஷனைச் சொருகினா அதுவும் பதிவாகும். ஆனா முகூர்த்த சீசன்ல அந்த மெஷினை எவன் நம்ம கையில கொடுப்பான்?

இன்னொரு வழி டிவி ட்யூனர் கார்டு. 90-களோட கடைசியில இருந்து ப்ரூக்ட்ரீ கம்பெனியோட பிடி848, பிடி878 சிப்புகள் வச்ச கார்டுகள் உலகம் முழுக்கப் பரவுச்சு. கேபிள் டிவியை கம்ப்யூட்டர் மானிட்டர்ல பார்க்கத்தான் ஜனங்க வாங்கினாங்க. ஆனா அதோட முதுகுல ஒரு மஞ்சள் ஓட்டையும் இருக்கும். மஞ்சள் படம், சிவப்பும் வெள்ளையும் சத்தம். அந்த மஞ்சள் ஓட்டைதான் வாசல். பிரச்சினை, அந்தக் கார்டை டெஸ்க்டாப்புக்குள்ள திருகி மாட்டணும். எங்க தெருவுல டெஸ்க்டாப் இருந்த வீடு ரெண்டு.

அதுக்கப்புறம்தான் தமிழ்நாட்டுக்கே உரிய கதை வருது. இதை அமெரிக்க யூடியூபர் யாரும் சொல்ல முடியாது. 2006-ல திமுக ஆட்சிக்கு வந்ததும் இலவச வண்ணத் தொலைக்காட்சி. 14 அங்குலப் பெட்டி, ஒன்றரைக் கோடிக்கும் மேல கொடுத்தாங்க. செய்தி பார்க்கவும் சீரியல் பார்க்கவும் கொடுத்த அந்த டிவியோட எங்க வீட்டுல வந்து இறங்கினது ஏவி இன்புட், அந்த மூணு கலர் ஓட்டை. அதுக்கு முன்னாடி பிளேஸ்டேஷன் ஆடணும்னா கடைக்குப் போய் மணிக்கு இவ்வளவுன்னு கொடுக்கணும். இப்போ வீட்டுல மாட்ட டிவி இருக்கு. பெரியப்பா கப்பல்ல வேலை. துபாய்ல இருந்து ஒரு பிளேஸ்டேஷன் 2 கொண்டு வந்தார், கறுப்பு, மெலிசு மாடல். பெரியம்மா வீட்டு டிவியை சீரியலுக்கு விட்டுத்தர மாட்டாங்க, அதனால பெட்டி எங்க வீட்டுக்கு வந்துச்சு.

ஆட்சி மாறி 2011 செப்டம்பர்ல இலவச லேப்டாப் திட்டம். எல்காட் மூலமா வாங்கி, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைங்களுக்குக் கொடுத்தாங்க. 2012-ல ப்ளஸ் டூ படிச்ச அக்காவுக்கு ஒண்ணு கிடைச்சது. விண்டோஸ் ஒரு பக்கம், பாஸ் லினக்ஸ் ஒரு பக்கம். அதுல மஞ்சள் ஓட்டை கிடையாது. கார்டு மாட்ட இடமும் கிடையாது. இப்போ ஒரே அறையில கலைஞர் டிவி ஒரு ஸ்டூல் மேல, அம்மா லேப்டாப் இன்னொரு ஸ்டூல் மேல. நடுவுல ரெண்டடி. அந்த ரெண்டடியைத் தாண்டுறதுதான் எங்க 2012.

தாண்ட வச்சது ஈசிகேப். கட்டைவிரல் சைஸ் டப்பா, ஒரு பக்கம் யுஎஸ்பி, இன்னொரு பக்கம் மூணு கலர் வால். சென்னை ரிச்சி தெருவுல இருந்து அண்ணன் வாங்கிட்டு வந்தான். ஈசிகேப்ங்கிறது ஒரு பொருளே இல்ல, ஒரு பேரு. ஒரே டப்பா, ஒரே ஸ்டிக்கர், உள்ள வேற வேற சிப்: சின்டெக், எம்பியா, சோமேஜிக், யுடிவி007. எந்தச் சிப்புன்னு தெரியாம டிரைவர் சிடியைப் போட்டா வேலை செய்யாது. லினக்ஸ்ல இன்னும் வேடிக்கை. சின்டெக் சிப்புக்கு ஒழுங்கான டிரைவர் கர்னல் 3.7-ல, 2012 டிசம்பர்லதான் சேர்ந்துச்சு. எங்க பாஸ் லினக்ஸ் அதைவிடப் பழசு. நல்லவேளை எங்களுக்கு விண்டோஸ்ல ஓடுச்சு. கூட யூலீட் வீடியோ ஸ்டுடியோன்னு ஒரு மென்பொருளும் வந்துச்சு.

எஞ்சினியரிங் முடிச்ச பிறகுதான் அந்த டப்பா எவ்வளவு விளிம்புல நடந்துச்சுன்னு புரிஞ்சது. பால் படம் 720-க்கு 576 புள்ளி. புள்ளிக்கு 2 பைட், நொடிக்கு 25 முழுப் படம். பெருக்கினா நொடிக்கு 20.7 எம்பி. ஒரு மணி நேரத்துக்கு 75 ஜிபி. யுஎஸ்பி 2-ல வீடியோ மாதிரி நிக்காம ஓடுற தரவுக்கு ஒதுக்க முடியுறது நொடிக்கு 24 எம்பி சொச்சம்தான். மயிரிழையில நுழையுது. அதை லேப்டாப் அங்கேயே எம்பெக்-2 ஆக நசுக்கினா மணிக்கு 3 ஜிபி சொச்சத்துக்கு வரும். அந்த வேலைக்கே ஃபேன் இரைய ஆரம்பிச்சிடும்.

அடுத்த சிக்கல், லேப்டாப் திரையைப் பார்த்து ஆட முடியாது. படம் உள்ள போய், நசுங்கி, திரைக்கு வர்றதுக்குள்ள பந்து ஸ்டம்பைத் தாண்டிடும். அதனால டிவியைப் பார்த்துத்தான் ஆடணும். அப்போ மஞ்சள் வயரை ரெண்டாப் பிரிக்கணும். ரேடியோ ரிப்பேர் கடையில ஒய் மாதிரி ஒரு பின் வாங்கி, ஒரு கால் டிவிக்கு, ஒரு கால் டப்பாவுக்கு. மின்சாரம் படிச்சவங்க சிரிப்பீங்க. அந்த சிக்னல் ஒரே ஒரு 75 ஓம் சுமைக்குன்னு செஞ்சது. ரெண்டு மாட்டினா ரெண்டுக்கும் வலு குறையும். அதனால எங்க பதிவுகள்ல மைதானம் எல்லாம் சாயங்காலம் ஆறரை மணி வெளிச்சத்துலதான் இருக்கும்.

இன்னொண்ணு, சீப்புக் கோடு. டிவி ஒரே நேரத்துல முழுப் படம் வரையாது. முதல்ல ஒத்தைப்படைக் கோடு, அடுத்து இரட்டைப்படைக் கோடு. நொடிக்கு 50 அரைப் படம். கம்ப்யூட்டர் ரெண்டு அரையையும் ஒண்ணாத் தச்சு ஒரு படம்னு வச்சுக்கும். ஆனா அந்த ரெண்டு அரையும் வேற வேற நேரத்துல எடுத்தது, நடுவுல மட்டை நகர்ந்திருக்கும். அதனால மட்டையோட ஓரம் சீப்புப் பல் மாதிரி கிழியும். இதைத் தீர்க்க ஒரு அரையைத் தூக்கிப் போட்டா வேற சிக்கல். பழைய கேம்கள்ல அடி வாங்கின ஆளு ஒரு படம் விட்டு ஒரு படம் மின்னுவான். பாதியைத் தூக்கிப் போட்ட பதிவுல அவன் ஒண்ணு மின்னாமலே நிப்பான், இல்ல சுத்தமா காணாமப் போயிடுவான். ஆடினவனுக்கு அவன் தெரிஞ்சான், பதிவுல அவன் இல்ல. கேம் வேகமா முடிக்கிற போட்டிக்காரங்க இதுக்காகவே நொடிக்கு 50, 60 படமும் முழுசா வேணும்னு அடம்பிடிச்சாங்க.

எங்க கதை இப்படி இருக்க, வெளியில உலகம் ஹெச்டி-க்குப் போயிடுச்சு. அதை வேகமா சொல்லிடுறேன். 1080 படத்தை நொடிக்கு 60 வீதம் நசுக்காம அனுப்பினா 249 எம்பி, யுஎஸ்பி 2-ல நினைச்சுக்கூடப் பார்க்க முடியாது. அதனால 2012-ல வந்த எல்காடோ கேம் கேப்சர் ஹெச்டி மாதிரி டப்பாக்கள் உள்ளேயே ஒரு நசுக்குற சிப்பை வச்சுக்கிட்டு, சுருக்கின படத்தை மட்டும் கம்ப்யூட்டருக்கு அனுப்புச்சு. அது வந்து சேர சில நொடி ஆகும். இன்னொரு பூட்டும் இருந்துச்சு, ஹெச்டிசிபி. சினிமாத் திருட்டைத் தடுக்க இன்டெல் செஞ்ச பூட்டு. பிளேஸ்டேஷன் 3 அதை எப்பவும் பூட்டியே வச்சிருந்துச்சு, உன் சொந்த ஆட்டத்தைக்கூட ஹெச்டிஎம்ஐ வழியா எடுக்க முடியாது. ஜனங்க பழைய காம்பொனன்ட் வயருக்குத் திரும்பினாங்க. 2010-ல அந்தப் பூட்டோட மூலச் சாவியே வெளியில கசிஞ்சது வேற கதை. 2013 நவம்பர்ல பிளேஸ்டேஷன் 4 ஷேர் பட்டனோட வந்துச்சு. நீ கேட்டாலும் கேக்காட்டியும் கடைசி 15 நிமிஷத்தை அது பதிவு பண்ணிக்கிட்டே இருக்கும். அடுத்த வருஷம் அப்டேட்ல பூட்டையும் கழட்டி விடலாம்னு வந்துடுச்சு. 2012-ல ஹியூ பெய்லி ஆரம்பிச்ச ஓபிஎஸ் இலவசமாவே கிடைச்சது. முடிஞ்சது, யாரும் மஞ்சள் வயரைத் தேட வேண்டியதில்ல.

ஒரு வருத்தம் மட்டும். அந்த மஞ்சள் வயர் காலத்துலதான் நம்ம நாட்டுல பிளேஸ்டேஷன் 2-க்குன்னே கேம் செஞ்சாங்க. 2009-ல ஹைதராபாத்ல ஆரோனா செஞ்ச "ஹனுமான்: பாய் வாரியர்". அதே வருஷம் அதே ஊர்ல கேம்சாஸ்திரா செஞ்ச "தேசி அட்டா", கபடி, கிட்டிப்புள் எல்லாம் வச்சு. ஹனுமான் சுமாரான கேம்தான், ஒத்துக்கிறேன். ஆனா அந்த மெஷினோட உற்பத்தியே 2013 தொடக்கத்துல நின்னு போச்சு. இன்னைக்கு இதெல்லாம் எப்படி இருந்துச்சுன்னு பார்க்கணும்னா யாரோ எப்பவோ பதிவு பண்ணினதுதான் கதி. இல்லன்னா எமுலேட்டர்ல ஓட்டிப் பார்க்கணும். அதுல கண்ணாடி மாதிரி இருக்கும், எங்க 14 அங்குலப் பெட்டியில அது ஒருநாளும் அப்படி இருந்ததில்ல.

சரி, டிஸ்க்குக்கு வருவோம்.

2012 தீபாவளியை ஒட்டின ஒரு சாயங்காலம். கிரிக்கெட் 07. அஞ்சு ஓவர் மேட்ச், நான் சேஸ் பண்றேன். கடைசி ஓவர் நெருங்கும்போது கரண்ட் போச்சு. அந்த வருஷம் ஞாபகம் இருக்கும், சென்னைக்கு வெளியில ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேலேயும் மின்வெட்டு. எங்க ஊர்ல அதுல ஒரு எரிச்சல் கூடுதல். துறைமுகத்துக்குப் பக்கத்துல 1050 மெகாவாட் அனல் மின் நிலையம். கடற்கரையில நின்னா புகைபோக்கி தெரியும். அதைப் பார்த்துக்கிட்டே இருட்டுல உக்காந்திருப்போம்.

அன்னையில இருந்து நான் சொல்றது, எனக்கு 3 பந்துல 4 ரன் வேணும், ஜெயிச்சிருப்பேன். அண்ணன் சொல்றது, ஏல, நீ எப்பவோ தோத்துட்ட. அவன் அடுத்த வருஷம் கப்பலுக்குப் போயிட்டான். எந்தத் துறைமுகத்துல இருந்து கூப்பிட்டாலும் இது ஒரு தடவை வரும். போன மாசம் டிஸ்க்கைப் போட்டேன். ஸ்கோர் போர்டு மங்கலா, ஆனா தெளிவா இருக்கு. 9 பந்துல 31 ரன். (சிரிப்பு.) ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பிட்டேன். அவன் ஒண்ணும் பேசல, வெறும் ஒரு "மக்கா" மட்டும் திருப்பி அனுப்பினான்.

ஆனா அந்த ஃபைல் அங்க முடியல. டிவியும் பிளேஸ்டேஷனும் செத்துடுச்சு, படம் கறுப்பாயிடுச்சு. லேப்டாப்புக்குத்தான் பேட்டரி இருக்கே. டப்பாவுக்கும் யுஎஸ்பி வழியா கரண்ட் போகுது. யாரும் ஸ்டாப் அமுக்கல. கறுப்புப் படத்தையே அது பதிவு பண்ணிக்கிட்டு இருக்கு. இதுல எங்க தப்பு ஒண்ணு சேர்ந்துக்கிச்சு. மென்பொருள்ல ஆடியோ எங்கிருந்து வரணும்னு ஒரு இடம் இருக்கும். அதுல டப்பாவுக்குப் பதிலா லேப்டாப் மைக்கை விட்டு வச்சிருந்தோம். மத்த ரெண்டு டிஸ்க்ல ஆடியோ சரியா செட் பண்ணியிருக்கோம். அதுல கமென்ட்டரியும் மட்டைச் சத்தமும் சுத்தமா இருக்கு, எங்க யார் குரலும் இல்ல. இந்த ஒண்ணுல மட்டும் கேம் சத்தம் தூரத்துல, அறை பக்கத்துல.

[பதிவு: ஃபேன் நிக்கிற சத்தம். "போச்சு!" ரெண்டு குரல் சேர்ந்து. ஒரு பெண் குரல்: "தீப்பெட்டி எங்கல வச்சீங்க?"]

அந்தப் பெண் குரல் ஆச்சி. 2015-ல இறந்துட்டாங்க. எங்ககிட்ட அவங்க போட்டோ இருக்கு, கல்யாண வீடியோவுல சாப்பாட்டுப் பந்தியில ரெண்டு நொடி இருக்காங்க. குரல் இதுவரைக்கும் இல்லைன்னு நினைச்சிருந்தோம். அம்மாவைக் கூப்பிட்டு ஹெட்போனை மாட்டிவிட்டேன். அவங்க என்ன சொன்னாங்கங்கிறதை இங்க சொல்லல.

இருட்டுல மொத்தம் பதினோரு நிமிஷம் இருக்கு. முதல் நாலு நிமிஷம் நாங்க ஸ்கோருக்குச் சண்டை போடுறோம். அப்புறம் அண்ணன் சும்மா கேக்குறான், கப்பலுக்குப் போறவன் இல்லையா, "தாத்தா எவ்வளவு ஆழம் போவாரு ஆச்சி?"ன்னு. எங்க தாத்தா சங்கு குளிச்சவர். தூத்துக்குடியில அரசு நடத்தின கடைசி முத்துக்குளிப்பு 1961-ல. தாத்தாவும் அதுல போயிருக்கார்னு எங்களுக்குப் பொதுவாத் தெரியும், அதுக்கு மேல தெரியாது. ஆச்சி பதில் சொல்ல ஆரம்பிக்கிறாங்க. ஆழத்தைப் பத்தி இல்ல, நாத்தத்தைப் பத்தி. சிப்பியைக் குவிச்சுப் போட்டு சதை அழுகினாத்தான் முத்து எடுக்க முடியும், அந்த நாத்தம் தாத்தா சட்டையில இருந்து எத்தனை நாள் போகலைன்னு. அப்புறம் மேல கயித்தைப் பிடிச்சது யாருன்னு. அவங்க கூடப் பிறந்த தம்பி. உள்ள போறவன் உசிரு கயித்துல, அதனால மச்சானைத் தவிர வேற யார் கையிலயும் கொடுக்க மாட்டாங்களாம். அப்புறம் அந்தத் தோணியோட பேரு சொல்றாங்க. அந்த இடத்துல வெளியில ஒரு பைக் போகுது.

பேட்டரி தீர்ந்துதான் ஃபைல் முடியுது, அதுவும் ஒரு வாக்கியத்துக்கு நடுவுல. இங்க ஒரு தொழில்நுட்ப அதிர்ஷ்டம். இதுவே எம்பி4-ஆ இருந்திருந்தா மொத்தமும் போயிருக்கும். எந்தப் படம் எங்க இருக்குங்கிற அட்டவணையை எம்பி4 வழக்கமா கடைசியிலதான் எழுதும். எழுதுறதுக்குள்ள செத்தா ஃபைல் திறக்காது. ஓபிஎஸ்-ல எம்கேவி-யில பதிவு பண்ணுங்கன்னு சொல்றது இதனாலதான். யூலீட் எழுதினது எம்பெக்-2 ஓட்டம். அட்டவணைக்குக் காத்திருக்காது, எங்க அறுந்தாலும் அதுவரைக்கும் ஓடும். அக்கா அதை அழிக்காம டிவிடியில எரிச்சு வச்சது ரெண்டாவது அதிர்ஷ்டம். அவகிட்ட போன்ல சொன்னேன். "அப்பவே சொன்னேன்ல, என் லேப்டாப்பு"ன்னு வச்சுட்டா.

பைக் சத்தத்தை எடுக்க எனக்குத் தெரிஞ்ச வித்தை எல்லாம் பண்ணிப் பார்த்தேன். பைக்கோட இரைச்சலும் ஆச்சி குரலும் ஒரே அலைவரிசையில மேல மேல உக்காந்திருக்கு. ரொம்ப வெட்டினா ஆச்சி குரல் டின்னுக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிடுது, அதனால விட்டுட்டேன். தோணிப் பேரு மூணு எழுத்து, இல்ல நாலு. எனக்கு "அந்தோணி"ன்னு கேக்குது. அண்ணனுக்கு ஃபைலை அனுப்பினேன். அவன் கப்பல் எஞ்சின் ரூம்ல இருந்து வந்து கேட்டுட்டு, இல்லவே இல்ல, "ஆரோக்கியம்"னு சொல்றான். அம்மாவுக்கு ரெண்டும் இல்லையாம். அவங்க சித்திகிட்ட கேக்கணும்னு சொல்லியிருக்காங்க, அவங்க திரேஸ்புரத்துல இருக்காங்க, காது கொஞ்சம் மந்தம்.

இப்போ அந்தத் துண்டைத் திருத்தாம அப்படியே போடுறேன். நாப்பது நொடி. ஹெட்போன் இருந்தா மாட்டிக்கோங்க, இருபத்தி ரெண்டாவது நொடியில வரும்.

[பதிவு: 40 நொடி. இருட்டு அறை. ஆச்சியின் குரல், கொசு அடிக்கும் கைத்தட்டல், பைக்.]

உங்களுக்கு என்ன பேரு கேக்குதுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த வாரம் துறைமுகத்துல கன்டெய்னர் எண்ணுற மென்பொருள் பத்தி. வர்றேன்.